ஜெயிச்சவன் எந்திரிக்கக் கூடாது

உக்காருங்கம்மா. கையெழுத்துதானே, போட்டாப் போச்சு. பேனா என் பையிலயேதான் இருக்கு. ஆனா அந்த மெர்சி வக்கீல் டைப் அடிச்சுக் குடுத்து விட்டிருக்கால்ல, இந்த அபிடவிட், இதுல மூணாவது பத்தியில ஒரு வரி இருக்கு. அந்த வரிக்குக் கீழ என் பேரைப் போட எனக்குக் கை வராது. ஏன் வராதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சுக்காமப் போய், கோமதிநாயகம் வக்கீல் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாருன்னு கடைக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லக் கூடாது பாருங்க.

தெரியும்மா, தெரியும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபைல் பண்ணணும். இன்னிக்கு விட்டா கெடு முடிஞ்சுது. அப்புறம் கோர்ட் அமீனா வந்து கடையைப் பூட்டிட்டுப் போவான், தையல் மெஷினெல்லாம் தெருவுக்கு வந்துரும். எல்லாம் எனக்குத் தெரியும். உங்க கேஸை இத்தனை வருஷமா நடத்தினது யாரு? நான்தானே. சுடலை, அம்மாவுக்கு ஒரு டீ சொல்லு. வேண்டாமா? சரி, எனக்கு மட்டும் சொல்லு.

அந்த வரியை நீங்க படிச்சுப் பாத்தீங்களா? நான் படிக்கிறேன், கேளுங்க. "எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திரு. ஆவுடையப்பன் அவர்கள், வழக்கு அழைக்கப்படும் நேரத்தில் என்னைப் பார் ரூமிலேயே இருத்தி வைக்கும் நோக்கத்துடன், மூன்று சதுரங்க ஆட்டங்களில் வேண்டுமென்றே என்னிடம் தோற்றார்." கேட்டீங்களா? வேண்டுமென்றே. வேண்டுமென்றே என்னிடம் தோற்றாராம். இதை டைப் அடிக்க அந்தப் பொண்ணுக்கு எப்படி மனசு வந்துச்சு? அன்னிக்கு அவளும்தான் மத்த வக்கீல்களோட பார் ரூம்ல உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டுப் பாத்துட்டு இருந்தா. பாத்தவளே இப்படி எழுதினா, பாக்காதவன் என்ன எழுத மாட்டான்?

நீங்க செஸ் ஆடுவீங்களா? ஆட மாட்டீங்க. பரவாயில்ல. புரியற மாதிரி சொல்றேன். ஆட்டம் ஆரம்பிச்சு நாலாவது தடவை நான் காயை நகத்தும்போது, என் குதிரை போய் எதிராளியோட ஒரு சிப்பாயை வெட்டும். அந்தச் சிப்பாய்க்குக் காவலா அவனோட குதிரை நிக்குது. எனக்குத் தெரியாமலா? தெரியும். தெரிஞ்சேதான் வெட்டுவேன். உடனே அவன் குதிரை என் குதிரையை வெட்டிரும். ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரை. பாக்கறவன் சிரிப்பான். என்ன சார், கண்ணு தெரியலையாம்பான். சிரிக்கட்டும். அடுத்த நகர்த்தல்ல என் சிப்பாய் ஒண்ணு முன்னால போகும். அவன் குதிரை ஓடும். அதுக்கு அடுத்ததுல இன்னொரு சிப்பாய். அவனோட இன்னொரு குதிரையும் ஓடும், பொறப்பட்ட கட்டத்துக்கே. இப்ப நடுப்பலகை பூரா என் சிப்பாய்ங்க. அவன் ஒரு குதிரை அதிகமா வச்சுக்கிட்டும், எதை எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிப்பான்.

நிதானமா ஆடற ஆட்டத்துல இதை ஆட முடியாது, அதை நானே ஒத்துக்கறேன். யோசிக்க நேரம் இருந்தா எவனும் சமாளிச்சுருவான். ஆனா பார் ரூம் ஆட்டம் அஞ்சு நிமிஷ ஆட்டம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், பக்கத்துல கடிகாரம், நகத்தினா அடிக்கணும். அந்த அஞ்சு நிமிஷத்துல ஒருத்தனுக்குப் பயம் வந்துருச்சுன்னா அவன் கையில எத்தனை காய் இருந்து என்ன? வேர்த்துக் கொட்டி, காயைத் தப்பா வச்சு, கடிகாரத்தை அடிக்க மறந்து, செத்தான்.

இதுக்குப் பேரு என்ன தெரியுமா? கோமதி குதிரை. நான் வச்ச பேரு இல்ல, பார் ரூம்ல எல்லாரும் சேந்து வச்ச பேரு. முதல் தடவை அது கை தவறித்தான் நடந்துச்சு, நான் மறைக்கல. ஜெயிச்சுட்டேன். ரெண்டாவது தடவை வேணும்னே ஆடினேன், அதுலயும் ஜெயிச்சேன். அப்புறம் ஒரே பேச்சுதான். கோமதி குதிரை, கோமதி குதிரைன்னு. இந்தக் கோர்ட்டுக்கு எத்தனையோ ஜட்ஜு வந்துட்டுப் போயிட்டாங்க. என் பேரைக் கோமதின்னு பாத்துட்டுப் பொம்பளை வக்கீலைத் தேடினவங்கதான் அதுல பாதிப் பேரு. சீனியர்னு ஒருத்தனும் என்கிட்ட ஒரு நல்ல கேஸ் குடுத்ததில்ல. ஆனா பார் ரூம்ல அந்தப் பலகைக்கு முன்னால நான் உக்காந்தேன்னா, டீ குடிச்சுட்டு இருக்கறவன் கிளாஸோட எந்திரிச்சு வருவான். அது சும்மா வருமா?

இந்த மெர்சி ஒரு நாள் ஃபோனைக் கொண்டுவந்து காட்டறா. சார், இது ஏற்கெனவே இருக்கற ஆட்டம் சார், வெளிநாட்டுல ஏதோ பேய்த் திருவிழா பேரு வச்சிருக்காங்க, கம்ப்யூட்டர் கணக்குப்படி வெள்ளைக்குத் தோல்விதான் சார்ங்கறா. நான் ஆடறப்போ என் கையில ஃபோனே கிடையாதும்மா. எவனோ எங்கயோ ஆடியிருந்தா எனக்கென்ன? கம்ப்யூட்டர் சொல்லுதாம். கம்ப்யூட்டருக்கு வேர்க்குமா? கம்ப்யூட்டருக்குக் கை நடுங்குமா? பேசறா பாருங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். எல்லாம் உங்க விஷயம்தான்.

எங்க பார் ரூம்ல சில சட்டம் இருக்கு. எழுதி வைக்கல, ஆனா கறாரான சட்டம். ஒண்ணு, கட்சிக்காரங்க உள்ள வரக் கூடாது. இன்னொண்ணு, கேஸைக் கூப்பிட்டுட்டாங்கன்னு குமாஸ்தா வந்து சொன்னாலும் கடிகாரம் நிக்காது. எந்திரிச்சுப் போறவன் தோத்தவன். அப்புறம் முக்கியமானது, ஜெயிச்சவன் எந்திரிக்கக் கூடாது. ஜெயிச்சவனுக்கு மறுபடியும் வெள்ளைக் காய். தோத்தவன் இன்னொண்ணு கேட்டா அவன் ஆடியே தீரணும், வேற யாராவது வந்து உக்காந்தாலும் ஆடணும். தோத்தவன் போகலாம். ஜெயிச்சவன் போகக் கூடாது. ஏன்னா, ஒரு காலத்துல சில பேரு ஒரு ஆட்டம் ஜெயிச்ச உடனே கேஸ் இருக்குன்னு நைசா நழுவிருவாங்க. அதுக்காகப் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான்.

இந்த ஆவுடையப்பன் என் கூடவே சன்னது வாங்கி வக்கீலானவன். அன்னிலேர்ந்து எனக்கு எதிரா எத்தனை கேஸ்ல நின்னிருக்கான், பலகையிலயும் எத்தனையோ தடவை எதிர்ல உக்காந்திருக்கான். ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூட, கோமதி குதிரையை என்னை ஆட விட்டதில்ல. அவனோட ரெண்டாவது குதிரை வெளிய வந்தாத்தான் எனக்கு அது செட் ஆகும். அவன் அந்தக் குதிரையை எடுக்கவே மாட்டான். ஓரத்துல ஏதாவது சிப்பாயைத் தள்ளிக்கிட்டு, மந்திரியைக் கிளப்பிக்கிட்டு, சுத்திச் சுத்தி வருவான். பயந்தாங்கொள்ளி. நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஏண்டா, ஒரு தடவை எடுத்துப் பாரேன்னு. உன் குதிரை எனக்கு வேண்டாம்ப்பா, நீயே வச்சுக்கன்னு சிரிப்பான்.

அன்னிக்கு உங்க கேஸு. உங்களைக் கூண்டுல ஏத்தி சாட்சி விசாரிக்கணும். லிஸ்ட்ல நமக்கு மேல நெறைய கேஸ் இருந்துச்சு, மத்தியானம் ஆகும்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. இந்தப் புது ஜட்ஜு கடகடன்னு கூப்பிட்டுத் தள்ளுவாருன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பார் ரூமுக்குப் போனேன். ஆவுடையப்பன் பலகையை விரிச்சு, வெள்ளைக் காயை என் பக்கம் வச்சுட்டு உக்காந்திருக்கான். வா கோமதி, ஒரு ஆட்டம்ங்கறான். சரின்னு உக்காந்தேன்.

மூணாவது நகர்த்தல்ல அவன் ரெண்டாவது குதிரையை எடுத்து வெளிய வச்சான்.

என்னால நம்ப முடியல. அவன் மூஞ்சியைப் பாத்தேன். சாதாரணமா இருக்கான். அங்க இருந்தவங்க எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. அத்தனை வருஷமா எடுக்காதவன் எடுத்துட்டான்னா என்ன அர்த்தம்? பயம் தெளிஞ்சு ஒரு கை பாத்துரலாம்னு வந்துட்டான்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்? நான் குதிரையைக் குடுத்தேன். அவன் வெட்டினான். ரெண்டு சிப்பாயையும் ஏத்தினேன். அவன் குதிரைங்க ரெண்டும் ஓடுச்சு. அவ்வளவுதான், ஒரு இடத்துல ராணியை இழந்தான், தோத்தேன்னு கையைக் குடுத்துட்டான். ஜெயிச்சுட்டேன். இன்னொண்ணுங்கறான்.

அப்பத்தான் இந்தச் சுடலை வந்தான். சார், நம்ம கேஸு பக்கத்துல வந்துருச்சுன்னான். இவன் குரல் எப்படின்னு உங்களுக்கே தெரியும், கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி வாய்க்குள்ளயே பேசுவான். வர்றேன் போன்னேன். இன்னொண்ணு கேட்டுட்டான், நான் எந்திரிக்கக் கூடாது, அதுதான் சட்டம். ரெண்டாவது ஆட்டம். மறுபடியும் அந்தக் குதிரையை எடுக்கறான். மறுபடியும் நான் குடுக்கறேன். மறுபடியும் அவன் வாங்கறான். நடுவுல சுடலை திரும்பி வந்து, சார், கூப்பிட்டாங்க சார்ங்கறான். நான் கையை இப்படி ஒசத்தினேன். கையை ஒசத்தினா, கொஞ்சம் இருன்னு அர்த்தம். உனக்குத் தெரியுமா தெரியாதாடா, சுடலை? அங்க போய் எப்படியாவது ஒரு அஞ்சு நிமிஷம் சமாளிச்சிருக்கணுமா இல்லையா? குமாஸ்தா பேசக் கூடாது, வக்கீல்தான் பேசணும்ங்கறான். இத்தனை வருஷம் கோர்ட்ல இருந்து கத்துக்கிட்டது இதுதான்.

உங்க மேலயும் எனக்கு வருத்தம் இருக்குதும்மா. சொல்லிர்றேன். கூப்பிடறப்போ நீங்க எங்க நிக்கணும்? கோர்ட் ஹால்ல. உங்க பேரைக் கூப்பிட்டா, இருக்கேன்யா, எங்க வக்கீல் வந்துக்கிட்டு இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா முடிஞ்சுது விஷயம். நீங்க என்ன பண்ணினீங்க? என்னைத் தேடிக்கிட்டு பார் ரூம் ஜன்னலுக்கு வந்துட்டீங்க. உள்ள வரக் கூடாதுன்னு ஜன்னல்ல வந்து நின்னுக்கிட்டு, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, சார் சார்னு கூப்பிடறீங்க. அங்க இருக்கறதே அந்த ஒரு ஜன்னல், கரண்டு வேற இல்ல. மூணாவது ஆட்டம் ஓடுது. பலகை பூரா உங்க நெழலு. நகருங்கம்மா, வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா? கேட்டுச்சுல்ல. அப்படியும் நகரல.

சரி, அழாதீங்க. கோவத்துல சொல்றேன்.

அங்க ஹால்ல உங்க பேரைக் கூப்பிட்டாங்க. ஆளும் இல்ல, வக்கீலும் இல்ல. ஆவுடையப்பனோட ஜூனியர் நிக்கறான், உங்க கடை ஓனரும் நிக்கறாரு. அவங்க சொன்னதை மட்டும் கேட்டுட்டு எக்ஸ்பார்ட்டின்னு எழுதி, கடையைக் காலி பண்ணுன்னு தீர்ப்பைக் குடுத்துட்டாரு ஜட்ஜு. பார் ரூம்ல மூணாவது ஆட்டமும் முடிஞ்சுது. நான்தான் ஜெயிச்சேன். ஆவுடையப்பன் நிமிந்து வாசலைப் பாத்தான். ஜூனியர் அங்க வந்து நிக்கறான். ஆவுடையப்பன் எந்திரிச்சு எனக்குக் கை குடுத்து, அருமையா ஆடினே கோமதின்னுட்டுப் போயிட்டான். தோத்தவன் போகலாம்ல.

அந்தக் கையை நான் என்னன்னு நெனச்சேன்? மனுஷன் தோத்தாலும் மரியாதை தெரிஞ்சவன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய் சம்சாரத்துகிட்டயே சொன்னேன், இன்னிக்கு ஆவுடையப்பனை மூணு தடவை மடக்கினேன்னு. அவ உங்க கேஸு என்னாச்சுன்னு கேட்டா. அதுல ஒரு சின்னச் சிக்கல், மனு போட்டுச் சரி பண்ணிரலாம்னு சொன்னேன். பண்ணியும் இருப்பேன். நீங்க அதுக்குள்ள மெர்சிகிட்ட ஓடிட்டீங்க. வக்கீலை மாத்தணும்னா மாத்துங்க, நான் தடுக்கல. கேஸ் கட்டைத் தூக்கிக் குடுத்துட்டேன்ல? ஒரு கேள்வி கேட்டேனா?

நான் ஆத்தரப்படறது அதுக்கு இல்ல. மறுநாள் பார் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நான் உள்ள நுழையறேன். ஆவுடையப்பன் நடுவுல நின்னுக்கிட்டு பேசிட்டு இருக்கான், என்னைப் பாத்தும் நிறுத்தல. என்ன சொன்னான் தெரியுமா? "கோமதி குதிரையைக் குடுத்து ஆட்டத்தை எடுப்பான். நான் ஆட்டத்தைக் குடுத்துக் கேஸை எடுத்தேன்." அத்தனை பேரும் சிரிச்சாங்க. டீக்கார ஆளு வரைக்கும் சிரிச்சான். நேத்து வரைக்கும் கிளாஸோட என் பின்னால வந்து நின்னவனுங்க. அன்னிலேர்ந்து ஒருத்தனும் என்கூட ஆட உக்கார மாட்டேங்கறான். நான் பலகைகிட்ட போனாலே, என்ன சார், இன்னிக்கு எந்தக் கேஸுன்னு கேக்கறான்.

பொய்யும்மா. பச்சைப் பொய். தோத்துட்டு வெக்கம் தாங்காம, வேணும்னே தோத்தேன்னு சொல்றான். சின்னப் பிள்ளைங்க சொல்லும்ல, நான் சும்மா விட்டேன்னு, அந்த மாதிரி. அவனுக்கு வேர்த்துச்சு, நான் பாத்தேன். கையைக் கைக்குட்டையில தொடைச்சான். ரெண்டாவது ஆட்டத்துல கடைசியில அவனுக்கு நேரமே இல்ல. வேணும்னே தோக்கறவனுக்கு எதுக்குய்யா வேர்க்குது? என்னது? கரண்டு இல்லாததுனால எல்லாருக்குமேதான் வேர்த்துச்சா? நீங்க அவனுக்கு வக்கீலா, எனக்குக் கட்சிக்காரரா?

இந்த வரியில நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? உங்களுக்குக் கடை கெடைக்கும், ஒத்துக்கறேன். எதிராளி ஏமாத்தினான்னு நானே சத்தியம் பண்ணிக் குடுத்தா ஜட்ஜு அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிருவாரு. ஆனா என் நெலைமை என்ன ஆகும்? ஆவுடையப்பன் சொன்னது நெசம்னு நானே கையெழுத்துப் போட்டுக் கோர்ட்ல குடுத்த மாதிரி ஆகும். நாளைக்கு அந்தப் பேப்பரை பார் ரூம் சுவத்துலயே ஒட்டுவாங்க. முடியாதும்மா. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நீங்களும் என் கஷ்டத்தைப் புரிஞ்சுக்கணும்.

இருங்க, எந்திரிக்காதீங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. அந்த வரியில போட மாட்டேன்னுதானே சொன்னேன். பேனாவை எடுக்கறேன் பாருங்க. இந்த மூணாவது பத்தி பூராவையும் அடிக்கறேன். அடிச்சாச்சு. ஓரத்துல எழுதறேன். எழுத்துக் கொஞ்சம் கோணலா வரும், பரவாயில்ல. உங்க பேரு... இருங்க, மேல இருக்கு. ரெஜினா. ரெஜினா. சரி.

படிக்கிறேன், கேளுங்க. "மேற்படி தேதியில் நான் பார் ரூமில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். ஆவுடையப்பன் அவர்களுடன் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் என் சொந்தத் திறமையால் வென்றேன். வழக்கு அழைக்கப்படுவதை என் குமாஸ்தா இருமுறை வந்து தெரிவித்தும், என் கட்சிக்காரர் ரெஜினா ஜன்னல் அருகில் வந்து அழைத்தும், ஆட்டத்தை விட்டு எழ மனமில்லாமல் இருந்துவிட்டேன். கட்சிக்காரர் மீது எந்தத் தவறும் இல்லை." எப்படி? மெர்சி எழுதினதை விட இது உங்களுக்குப் பலமா இல்லையா? வக்கீல் தப்பு பண்ணினதுக்கு அந்த அம்மா என்னய்யா பண்ணுவாங்கன்னு எந்த ஜட்ஜும் கேப்பான்.

என்ன சுடலை, ஏன் அப்படிப் பாக்கறே? இதை எழுதிக் குடுத்தா சன்னதுக்கே ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? நான் வக்கீலா, நீ வக்கீலா? பிடுங்கினா பிடுங்கட்டும். அதை வச்சு இத்தனை நாளா என்னத்தைக் கண்டேன்?

இப்ப பாருங்கம்மா, ஆவுடையப்பன் மாட்டினான். இந்த அபிடவிட்டுக்கு அவன் பதில் போடணும். கோமதி திறமையால ஜெயிக்கல, நான்தான் வேணும்னே விட்டேன்னு சொல்லணும்னா, அதைச் சத்தியம் பண்ணி எழுதணும். எழுதினா அவன் பண்ணினது மோசடின்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி. எழுதாம விட்டா, நான் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். கோர்ட் ரெக்கார்டுல ஏறிரும். அப்புறம் எவன் மாத்த முடியும்? அவன் எழுத மாட்டான். வாயைத் திறக்க மாட்டான். பார் ரூம்ல சிரிச்சானுங்கல்ல, அவனுங்க எல்லாரையும் கூப்பிட்டு இதைப் படிச்சுக் காட்டுவேன்.

என்ன? என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.

பெரிய காயா. ஒசரமா, தலையில முள்ளு முள்ளா இருக்கறதா. ஆமா, அதுக்குப் பேரு ராணி. மூணாவது தடவை ஆடறப்போ ஆவுடையப்பன் அது மேல விரலை வச்சுட்டு எடுத்தானா. எடுத்துட்டு வேற காயை நகத்தினானா. நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்தீங்களா.

சுடலை, நீ கொஞ்சம் வெளிய போ. கதவைச் சாத்திட்டுப் போ.

செஸ் தெரியாதுன்னு சொன்னீங்க. தெரியாதவங்களுக்கு இதெல்லாம் எதுக்குக் கண்ணுல படுது? நான் அவனைப் பாத்ததையும் பாத்தீங்களா. அவன் என்னைப் பாத்ததையும் பாத்தீங்களா. ஏன் சார் அப்ப நீங்க ஒண்ணுமே பேசலைன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. கேக்க வேண்டியதுதான்.

தொட்டா ஆடணும்மா. அதுவும் ஒரு சட்டம். எந்தக் காயைத் தொட்டானோ அந்தக் காயைத்தான் நகத்தணும். என் ராஜா மூலையில ஒரு வழியும் இல்லாம நின்னுச்சு, நான் கவனிக்காம விட்டுட்டேன். அந்த ராணி ஒரு கோடு எறங்கினா நான் முடிஞ்சேன். அவன் விரலு ராணி மேல இருக்கு. தொட்டுட்டடா, ஆடுன்னு நான் சொல்லணும். சொன்னா தோத்திருப்பேன். தோத்தவன் எந்திரிக்கலாம். எந்திரிச்சு ஓடி வந்திருந்தா, அப்பக்கூட ஹால்ல உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. எனக்குக் கேட்டுச்சு.

சொல்லல. அவன் விரலை எடுத்துட்டு ஓரத்துல ஒரு சிப்பாயைத் தள்ளினான். நானும் என் காயை நகத்திட்டுக் கடிகாரத்தை அடிச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கறேன். மெர்சிகிட்ட இதைச் சொன்னீங்களா? சொல்லலையா? ஏன் சொல்லல? கேக்கலையா. அவ கேக்கல, நீங்க சொல்லல. நல்லது. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும்.

சொந்தத் திறமையால்னு எழுதினதை அடிக்கணுமான்னு பாக்கறீங்களா? அடிக்க மாட்டேன். சத்தியமா அடிக்க மாட்டேன். வேணும்னா மத்ததெல்லாத்தையும் இன்னும் கேவலமா எழுதித் தர்றேன். குமாஸ்தாவை விரட்டினேன்னு எழுதறேன், உங்களை நகரச் சொன்னேன்னு எழுதறேன். அந்த ரெண்டு வார்த்தை அப்படியே இருக்கட்டும். இந்தாங்க, போட்டுட்டேன். கோமதிநாயகம், வழக்கறிஞர். மை காயல, மடிக்காமக் கொண்டு போங்க. எதிர் ரூம் வக்கீல்கிட்ட அட்டெஸ்ட் வாங்கிட்டு நேரா கோர்ட்டுக்குப் போங்க, இன்னும் நேரம் இருக்கு.

மனு விசாரணைக்கு வரும். ஆவுடையப்பன் உங்களைக் கூண்டுல ஏத்தி, ஜன்னல்லேர்ந்து என்னம்மா பாத்தேன்னு கேப்பான். கடிகாரத்தைப் பாத்தேன்னு சொல்லுங்க. எங்க வக்கீல் கையைப் பாத்தேன்னு சொல்லுங்க. ராணியை மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்குக் கடை இருக்கும். எனக்கு அந்த மூணு ஆட்டமும் இருந்துட்டுப் போகட்டும்மா.